பள்ளிக்காக விற்ற டி-ஷர்ட்: பல வருஷம் போட்டுத் துவைத்த பிறகு எழுதுவது

பக்கத்து ஊர்ப் பள்ளியில் நூற்றாண்டு விழா வருகிறதாம். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து டி-ஷர்ட் அடித்து விற்று, வரும் காசில் கழிப்பறை கட்டித் தரலாம் என்று யோசிக்கிறார்கள். "நீங்க ஏற்கெனவே செஞ்சீங்களே, எப்படி இருந்துச்சு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். போனில் சொல்லித் தீரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

துணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. திருப்பூரில் அடித்தது. 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), பயோவாஷ் (என்சைம் போட்டு அலசி நூல் பிசிறு எடுத்தது), ரவுண்ட் நெக், பாட்டில் கிரீன். வாங்கிய நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது போடுகிறேன், வாஷிங் மெஷினில்தான் போகிறது, பந்து பந்தாக நூல் திரளவே இல்லை. கழுத்துப் பட்டி இன்னும் தொங்கவில்லை. பக்கத் தையல் மட்டும் துவைக்கத் துவைக்க லேசாக முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டது. பனியன் துணியில் இது சகஜம், இந்த விலைக்கு அதைக் குறையாகவே சொல்லக் கூடாது. பெரிய பிராண்ட் கடையில் இரண்டு மடங்கு கொடுத்து வாங்கியது இதற்கு முன்பே கிழிந்து துடைக்கிற துணியாகப் போய்விட்டது.

பிரிண்டும் அப்படித்தான். நெஞ்சில் பள்ளிக்கூடத்துப் புங்கமரம், வெள்ளையில் ஒரே கலர் ஸ்கிரீன் பிரிண்ட். ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன், அதாவது மை இறங்கும் வலைச் சட்டம், போட வேண்டும், செலவும் அதற்கேற்ப ஏறும், அதனால் மொத்தமாக அடிப்பவர்கள் ஒரு கலரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சாம்பிள் வந்ததும் பிரிண்ட் இருக்கும் இடத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் மை சரியாக வேகவில்லை என்று அர்த்தம், நாலு தடவை துவைத்தால் உதிர்ந்துவிடும். டிடிஎஃப் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, படத்தை ஃபிலிமில் அடித்துச் சூடு வைத்துத் துணியில் ஒட்டுவது, கொஞ்சமாக அடிக்க வசதிதான், ஒரு பீஸ் வேண்டுமென்றாலும் அடித்துத் தருவார்கள். ஆனால் நெஞ்சு முழுக்கப் பெரிய படமாகப் போட்டால் பிளாஸ்டிக் தாளை ஒட்டியது போலத்தான் இருக்கும், நம் ஊர் வெயிலில் உள்ளே வேர்த்துக் கொட்டும்.

சரி, இப்போது சைஸுக்கு வருகிறேன். இன்றுவரை நினைத்தால் எரிச்சல் வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

எல்லோரிடமும் கேட்டுத்தான் ஆர்டர் கொடுத்தோம். அளவு அட்டவணை அனுப்பினோம், வீட்டில் நன்றாகப் பொருந்துகிற ஒரு டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்கி இஞ்ச்சில் சொல்லுங்கள் என்று தெளிவாக எழுதினோம். வந்த பதில்கள் என்ன தெரியுமா? "எனக்கு எல் போடுப்பா." "எப்பவும் போடுறதுதான்." ஒரு அண்ணன் "என்னைப் பார்த்திருக்கீல்ல, நீயே போட்டுக்க" என்றார். ஒரு கம்பெனியில் எல் என்றால் மார்பளவு 40, இன்னொன்றில் 42. எல் என்ற எழுத்தை வைத்துக்கொண்டு யாருக்கும் எதுவும் தைக்க முடியாது. வந்த பிறகு போட்டுப் பார்த்துவிட்டு வயிற்றுக்குப் பிடிக்கிறது, மாற்றிக் கொடு என்று ஒவ்வொருவராகத் திருப்பினார்கள். பள்ளியின் பெயர் அடித்த டி-ஷர்ட்டை எந்தக் கடையில் போய் மாற்றுவது? பெண்கள் நிலைமை இன்னும் மோசம். யூனிசெக்ஸ் என்று சொல்லி ஆம்பிளை அளவில் வெட்டியதைக் கொடுத்தால் தோள் இறங்கி, கை முழங்கையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அவர்கள் வாங்காமல் போனதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் பேரில் எனக்குக் கோபம் இல்லை.

அடித்துக் கொடுத்தவர் மேல் கோபம் உண்டு. டபுள் எக்ஸ்எல் மட்டும் வேறு லாட் துணியில் வந்தது, பச்சையே ஒரு சாயல் மாறி. கேட்டதற்கு "கழுவினா ஒண்ணாயிரும்" என்றார். ஆகவில்லை. ஆனாலும் அவர் பக்கமும் ஒன்றைச் சொல்ல வேண்டும். துணியை அடுக்கடுக்காக விரித்து, எம் இத்தனை, எல் இத்தனை என்று ரேஷியோ போட்டுத்தான் வெட்டுகிறார்கள். வெட்டு முடிந்த பிறகு நாம் போன் பண்ணி எல் சைஸில் இரண்டைக் குறைத்து எக்ஸ்எல் கூட்டுங்கள் என்றால் அவர் எங்கே போவார்? அதையும் செய்யச் சொன்னவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள்.

கணக்குக்கு வாருங்கள். அடக்கம் 200 ரூபாய், விற்பது 350 என்று வைத்துக்கொள்வோம். 100 அடித்து 100-ம் போனால் பள்ளிக்கு 15,000. அதில் 25 சைஸ் பொருந்தாமல் தங்கிவிட்டால் கையில் வருவது 26,250, அடக்கம் 20,000 போக மிச்சம் 6,250. கால்வாசிச் சரக்கு தேங்கினால் பாதி லாபத்துக்கு மேல் போய்விடுகிறது. இதில் பெங்களூருக்கும் துபாய்க்கும் அனுப்பும் கூரியர் சேர்க்கவில்லை, துணிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி சேர்க்கவில்லை. பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள், கேட்காதீர்கள். ஊர்க் காசு, நாளைக்கு யாராவது கணக்குக் கேட்டால் காட்டத் தாள் வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லாமல் விட முடியாது. கோயம்பேட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் நெஞ்சில் இருந்த மரத்தைப் பார்த்துவிட்டு வந்து எந்த பேட்ச் என்று விசாரித்தார். எங்களுக்கு நிறைய வருஷம் மூத்தவர், எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இல்லாதவர். பேசிக்கொண்டே ஜிபேயில் அவர் அனுப்பிய தொகை முப்பது டி-ஷர்ட் லாபத்துக்குச் சமம். இப்படி இன்னும் சிலர் கிடைத்தார்கள். டி-ஷர்ட் விற்று வந்ததைவிட, டி-ஷர்ட்டைப் பார்த்துக் கொடுத்ததுதான் அதிகம்.

அப்படியிருந்தும் நண்பருக்கு நான் சொன்ன பதில் வேண்டாம் என்பதுதான். கழிப்பறைக்குப் பணம்தான் தேவை என்றால் 2022-ல் அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்தில் பள்ளியைக் குறிப்பிட்டு நேரடியாகவே கொடுக்கலாம், யாருடைய வயிற்றையும் அளக்க வேண்டியதில்லை. என் வீட்டுப் பரணில் இன்னும் ஒரு பண்டல் எல் சைஸ் கிடக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் இதே பதில்தான் வருகிறது. நான் சொல்வதைக் கேட்காமல் அடிப்பதாகவே இருந்தால், காசு முன்னாலேயே வாங்கிக்கொண்டு, இஞ்ச்சில் அளவு எழுதாதவர் பெயரைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். அவர் ஊர்ப் பெரியவராக இருந்தாலும் சரி. என் அளவு 42, ஒன்று எடுத்து வையுங்கள்.