பீஸ் பிரிட்ஜில் யாரும் என்னை நிறுத்தவில்லை, ஆனால் நேரம் பதிவாகியிருக்கிறது: கனடாவின் பயண வரலாற்று அறிக்கை பற்றி

நாம் கனடாவுக்குள் வந்த, வெளியே போன தேதிகளை அரசே பட்டியலாகத் தருவதுதான் பயண வரலாற்று அறிக்கை. கனடாக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் இந்தச் சேவை பற்றித் தெரிய வந்தது. ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும், வெளியே போய் வந்த ஒவ்வொரு பயணத்தையும் தேதியோடு எழுத வேண்டும். யாழ்ப்பாணம் இரண்டு தடவை போனேன், அதற்கு டிக்கெட் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோவில் இருக்கும் அண்ணா வீட்டுக்குக் காரில் எத்தனை தடவை போனோம் என்பது எனக்கும் நினைவில்லை, என் கணவருக்கும் நினைவில்லை. காலையில் போய் இரவு திரும்பினால் அந்த 1,095 நாள் கணக்கில் எதுவும் கழியாது. ஆனாலும் பட்டியலில் எழுதத்தான் வேண்டும்.

ஸ்காபரோவில் ஒரு ஆலோசனை நிலையத்தில் கேட்டேன். "அக்கா, 150 டொலர். கடவுச்சீட்டின்ர எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில போடுங்கோ, நாங்கள் எடுத்துத் தாறம்" என்றார் அங்கிருந்த தம்பி. காசு கூடப் பரவாயில்லை. என் பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், கையெழுத்து எல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் போனில் கிடக்கும் என்று நினைத்ததும் மனம் ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். அதே அறிக்கையைக் கனடா எல்லைச் சேவை முகமையிடம் நாமே ஆன்லைனில் கேட்கலாம். தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் கட்டணம் இல்லை. தகவல் பெறும் சட்டத்தின் கீழ் போட்டால்தான் 5 டொலர். உங்கள் சொந்தப் பதிவுக்கு முதலாவதே போதும்.

உள்ளே வந்தது, வெளியே போனது இரண்டும் வேண்டும் என்று விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். சட்டப்படி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எனக்கு 24ஆம் நாள் பிடிஎஃப் வந்தது.

திறந்து பார்த்தபோது ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. 2022 அக்டோபர் 8, காலை 9:47, வெளியேற்றம். அண்ணா மகளின் சாமத்தியச் சடங்குக்குப் போன நாள். அதை நான் செப்டம்பர் என்று எழுதி வைத்திருந்தேன். திரும்பியது 10ஆம் தேதி இரவு. இடையில் முழுதாக வெளியே இருந்த 9ஆம் தேதி, ஒரு நாள் கழிய வேண்டும், நான் கழிக்கவே இல்லை.

இந்த 9:47 எங்கிருந்து வந்தது? பஃபலோவுக்குப் போகும் எல்லைப் பாலமான பீஸ் பிரிட்ஜில் கனடாவை விட்டுப் போகும்போது கனடா அதிகாரி யாரும் நம்மை நிறுத்துவதில்லை. ஆற்றைத் தாண்டி அமெரிக்கப் பக்கத்தில்தான் கடவுச்சீட்டைக் காட்டுகிறோம். அங்கே அமெரிக்கா எழுதும் நுழைவுப் பதிவு கனடாவுக்குப் போகிறது, கனடா அதை நம் வெளியேற்றமாகக் குறித்துக்கொள்கிறது. திரும்பி வரும்போது இதே வேலை மறுபக்கமாக நடக்கிறது. பெயர், பிறந்த தேதி, குடியுரிமை, ஆவண எண், கடந்த இடம், நேரம் எல்லாம் கைமாறும். நிரந்தர வதிவாளர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் இது 2013இலேயே தொடங்கிவிட்டது. 2019இல் இரண்டு நாட்டுக் குடிமக்களையும் சேர்த்தார்கள். 2020 முதல் விமானத்தில் வெளியேறுவோரின் விவரத்தை விமான நிறுவனங்களே கனடாவுக்குக் கொடுக்கின்றன.

எத்தனையோ தடவை அந்தப் பாலத்தால் போயிருக்கிறேன். இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நினைவு தவறியதைத் திருத்திக்கொள்ள எனக்கு இந்தப் பதிவு உதவியது, அதற்கு நன்றி. ஆனால் என் நடமாட்டத்தை இரண்டு அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன என்பதை விண்ணப்பம் நிரப்பும் நாளில்தானா நான் அறிய வேண்டும்? எல்லையிலேயே தமிழ் உட்பட நாலு மொழியில் ஒரு பலகை வைத்தால் என்ன?

எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. கனடா 15 வருடம். அமெரிக்கா தன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் 15 வருடம், மற்றவர்களுக்கு 75 வருடம். அன்று பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்த என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கு 81 வயதாகும்வரை அந்தச் சனிக்கிழமை காலை அங்கே இருக்கும். நாட்டை விட்டு வந்த எங்களில் பலர், பெயர் எந்தப் பட்டியலில் ஏறுமோ என்று பயந்து வாழ்ந்தவர்கள். எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பதிவில் பிழை இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமையும் அதே தனியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. திருத்த மறுத்தால், நீங்கள் திருத்தம் கேட்டதை உங்கள் கோப்பிலேயே குறித்து வைக்க வேண்டும். தனியுரிமை ஆணையரிடம் முறையிடவும் காசு இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இது கனடா கையில் இருக்கும் பதிவு. அமெரிக்கா வைத்திருப்பதைப் பார்க்க அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

குடியுரிமைக்கோ வதிவிட அட்டை புதுப்பிக்கவோ போகிறவர்கள் முதலில் இதை எடுத்துவிட்டு அப்புறம் படிவத்தைத் தொடுங்கள். அதற்காக யாருக்கும் 150 டொலர் கொடுக்காதீர்கள், கடவுச்சீட்டுப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நான் என் பட்டியலைத் திருத்தி அனுப்பிவிட்டேன். போன கிழமை மகளின் பெயரிலும் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.