சிலேத்தார் ஈரக்காற்றில் பழைய செஸ்னா 172: கட்டாயச் சோதனைகள், பாக மாற்றங்கள் பற்றிய நீண்டகால அனுபவம்

ஆண்டுக்கு 60, 70 மணி நேரம் மட்டும் பறக்கும், நால்வர் அமரும் சிறு விமானமான செஸ்னா 172-க்குப் பராமரிப்பு நூலில் உள்ள மணிக்கணக்கு பெரும்பாலும் எட்டுவதே இல்லை. 50 மணி, 100 மணி, 500 மணி என்று போட்டிருக்கும். அதற்குள் பக்கத்திலேயே எழுதியிருக்கும் மாதக்கணக்கு முடிந்துவிடும். சிங்கப்பூரில் விமானம் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த மாதக்கணக்கைத்தான். சிலேத்தார் ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஜோகூர் நீரிணை. ஆண்டில் ஏறக்குறைய 170 நாள் மழை. நின்றுகொண்டிருக்கும் விமானமும் இங்கே தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

என்ஜினிலிருந்து தொடங்கலாம். பல பழைய 172-களில் உள்ள லைகோமிங் ஓ-320 என்ஜினில் ஃபில்டர் இருந்தால் ஆயில் மாற்றம் 50 மணி அல்லது 4 மாதம், எது முந்துகிறதோ அது. சல்லடை மட்டும் இருந்தால் 25 மணி. நான்கு மாதத்தில் 18 மணிதானே ஓடியது, ஆயில் இன்னும் தெளிவாக இருக்கிறதே என்று தள்ளிப்போடக் கூடாது. எரிதலில் உண்டாகும் நீரும் அமிலமும் ஆயிலில் கலந்து நிற்பது நிறத்தில் தெரியாது. இந்த என்ஜின்களில் வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேல்பகுதியில் இருக்கிறது. நிறுத்திவைத்தால் ஆயில் படலம் மெல்ல வடிந்து, கேம் முனையிலும், அது தள்ளும் டேப்பட்டின் முகத்திலும் துருப்புள்ளி விழும். அடுத்த ஸ்டார்ட்டில் அந்தப் புள்ளியைச் சுற்றி, கடினப்படுத்திய மேற்பரப்பு பெயரத் தொடங்கும். கேம்ஷாஃப்டை மாற்ற என்ஜின் கேஸையே பிரிக்க வேண்டும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் மாதம் ஒரு மணி நேரப் பறப்பு மலிவு. 30 நாளுக்கு ஒரு முறையாவது, ஆயில் வெப்பம் 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் நிற்கும்படி, ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் ஈரம் உள்ளே சேருமே தவிர ஆவியாகிப் போகாது. மணி எட்டாவிட்டாலும் 12 ஆண்டில் ஓவர்ஹால், அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தல், என்று லைகோமிங் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

ஃபில்டரை வெட்டிப் பார்க்காமல் தூக்கிப் போடுவது, எங்கள் கருத்தில், பராமரிப்பிலேயே பெரிய வீணடிப்பு. வெட்டும் கருவியால் டப்பாவைத் திறந்து, மடிப்புத் தாளின் இரு ஓரங்களையும் கத்தியால் அறுத்து எடுங்கள். வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துச் சாய்த்துப் பாருங்கள். கறுப்புத் துகள் நகத்தில் நசுங்கினால் கார்பன், கவலையில்லை. பளபளக்கும் துகளைக் காந்தம் இழுத்தால் எஃகு. கேம், டேப்பட் பக்கம் சந்தேகம் போக வேண்டும். காந்தத்துக்கு வராத வெள்ளி நிறத் துகள் அலுமினியம். பிஸ்டன் பின்னின் முனை அடைப்புகள் சிலிண்டர் சுவரில் தேய்கின்றனவா என்று பாருங்கள்.

கம்ப்ரஷன் சோதனையில் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு காற்றழுத்தம் கொடுத்தால், எல்லாச் சிலிண்டரும் 70-க்கு மேல் ஏறக்குறைய சமமாக நிற்பது நல்ல நிலை. 65-க்குக் கீழே போனால் தேய்மானம். எண்ணைவிடச் சத்தம் அதிகம் சொல்லும். புகைக்குழாயில் சீறினால் எக்சாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் வளையம்.

ஸ்பார்க் பிளக்கில் இடைவெளி 0.016 முதல் 0.021 அங்குலம். கீழ்வரிசைப் பிளக்கில்தான் ஈயம் உருண்டையாகப் படியும். சுத்தம் செய்து மேல் வரிசையோடு இடம் மாற்றிப் போடுங்கள். செப்பு வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. கை தவறித் தரையில் விழுந்த பிளக்கைத் திரும்பப் போடவே கூடாது, உள்ளே பீங்கான் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பிளக்குகளுக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவை 500 மணிக்கு ஒரு முறை கழற்றித் திறந்து சோதிக்க வேண்டும். நிமிடத்துக்கு 1,700 சுற்றில் ஓட்டி, ஒரு மேக்னெட்டோவுக்கு மட்டும் மாற்றிப் பார்க்கும்போது சுற்று 125-க்கு மேல் இறங்கினாலோ, இரண்டு மேக்னெட்டோக்களுக்கும் இடையே வித்தியாசம் 50-ஐத் தாண்டினாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். சுழல்காட்டிக் கருவிகளை இயக்கும் உலர் வேக்குவம் பம்ப் எச்சரிக்காமல் உடையும். கார்பன் தகடுகள் நொறுங்கினால் செயற்கைத் தொடுவானமும் திசைக்காட்டும் கருவியும் மேகத்துக்குள் போய்விடும் நேரத்தில் கைவிடும். தேய்மானம் பார்க்கும் துளை உள்ள பம்பை வாங்குங்கள்.

இனி சட்டப்படி கட்டாயமானவை. விமானத்தை வடிவமைத்த நாடு வெளியிடும் பறக்கும் தகுதி ஆணைகள், அதாவது 'ஏடி'கள், 9வி என்ற சிங்கப்பூர்ப் பதிவுள்ள விமானத்தையும் கட்டுப்படுத்தும். அவற்றில் பலர் இலேசாக நினைப்பது இருக்கைத் தண்டவாளத்துக்கான 2011-10-09. 100 மணி அல்லது 12 மாதத்துக்கு ஒரு முறை இதைப் பார்க்க வேண்டும். பூட்டு ஊசி இறங்கும் துளை நீண்டு 0.42 அங்குலத்தைத் தாண்டினால் தண்டவாளத்தை மாற்ற வேண்டும். ஊசி குறைந்தது 0.15 அங்குலமாவது துளைக்குள் இறங்க வேண்டும். துளையில் மணலும் கம்பள நூலும் அடைத்திருந்தால் ஊசி விளிம்பிலேயே நின்றுவிடும், கைப்பிடியோ பூட்டியது போலவே காட்டும். மூக்கு மேலெழும் நொடியில் இருக்கை பின்னால் சரியும், விமானியின் கை யோக்கையும், அதாவது கட்டுப்பாட்டுச் சக்கரத்தையும், சேர்த்து இழுக்கும். பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு துளையையும் கிளறி, வேக்குவத்தால் உறிஞ்சிய பிறகு அளந்தால்தான் அது அளவு.

செஸ்னாவுக்குப் பதில் பழைய பைப்பர் விமானம் வாங்க நினைப்பவர்களுக்கு, பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கைப் பற்றி ஒரு சொல். 2018 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் பயிற்சியில் இருந்த பைப்பர் ஆரோ ஒன்றின் இறக்கை கழன்று இருவர் இறந்தனர். அதன்பின் வந்த ஏடி 2020-26-16, இறக்கையின் முக்கிய விட்டத்தில் கீழ்ப்பக்கப் போல்ட் துளைகளைச் சுழல் மின்னோட்ட முறையில் சோதிக்கச் சொல்கிறது. எப்போது என்பதை, பயிற்சிக்கும் வாடகைக்கும் ஓடும் விமானங்களுக்குச் செய்யும் 100 மணிச் சோதனை எத்தனை முறை நடந்தது என்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். மொத்தம் 7,000 மணியில் 60 முறை 100 மணிச் சோதனை என்றால் 6,000 மணி முழுதாகச் சேரும், மீதி 1,000 மணி 17-ஆல் வகுபட்டுச் சுமார் 59. கூட்டினால் 6,059, வரம்பான 5,000-ஐத் தாண்டிவிட்டது. அதே 7,000 மணியைப் பயிற்சிக்குக் கொடுக்காமல் ஓட்டியிருந்தால் கணக்கு 412-தான். பயிற்சி விமானம் தரையிறங்கி எழும் சுமை இறக்கைக்கு அவ்வளவு கடுமை. லாக்புக்கில் பக்கம் காணாமல் போயிருந்தால் கணக்குக்கே இடமில்லை, நேரே சோதனைதான்.

நம் ஊருக்கென்றே கூடுதலாகச் சில. எரிபொருள் மூடியின் ரப்பர் வளையம் வெடித்தால் இரவு மழை டாங்கிக்குள் இறங்கும். வெளியே நிறுத்துபவர்கள் ஆண்டுதோறும் வளையத்தை மாற்றிவிடுங்கள். கதவு ரப்பர் ஒழுகினால் கம்பளத்தின் கீழ் உள்ள பஞ்சு நனைந்து, தரைத் தகட்டை மாதக்கணக்கில் ஈரமாகவே வைத்திருக்கும். ஆண்டுச் சோதனையில் கம்பளத்தை முழுதாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏசிஎஃப்-50 போன்ற துருத்தடுப்பை ஆண்டுக்கு ஒரு முறை அடிப்பது பலன் தருகிறது, ரிவெட் ஓரங்களில் சில வாரம் எண்ணெய் வழியும், துடைத்தால் போதும். ஹீட்டரை இங்கே யாரும் போடுவதில்லை என்பதற்காக, ஹீட்டருக்குச் சூடு தரும் புகைக்குழாய் மஃப்ளரின் சோதனையை விடக் கூடாது. மஃப்ளரில் விரிசல் விழுந்து, ஹீட்டர் அடைப்பும் சரியாக மூடாவிட்டால், கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வந்துவிடும்.

பாகம் வாங்கும்போது வெளியீட்டுச் சான்றிதழில் உள்ள பாக எண்ணையும் தொடர் எண்ணையும் உலோகத் தகட்டோடு நீங்களே ஒப்பிடுங்கள். ஓர் எண் மாறியிருந்தாலும் பொறியாளர் அதைப் பொருத்தக் கையெழுத்துப் போட மாட்டார், அது சரியும்கூட. என்ஜின் அறை ரப்பர் குழாய்களுக்கு 5 ஆண்டு. குழாயோடு கட்டியிருக்கும் பட்டையில் உற்பத்தித் தேதி இருக்கும். அலமாரியிலேயே இரண்டு ஆண்டு கிடந்த குழாயா என்று பெட்டியைப் பிரிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.