பைக் எஞ்சினுக்கு அடிட்டிவ்: பெட்ரோலில் போடலாம், ஆயிலில் வேண்டாம்

என் வண்டி 2013 மாடல், 150 சிசி, கார்புரேட்டர். வேளச்சேரியில் இருந்து தி.நகர் வரை தினமும் நின்று நின்று போகிற ஓட்டம்தான். அடிட்டிவ் என்றால் பெட்ரோலிலோ ஆயிலிலோ கூடுதலாகக் கலக்கும் திரவம். பெட்ரோலில் கலக்கும் கிளீனரைச் சில வருடங்களாகப் போட்டு வருகிறேன். எஞ்சின் ஆயிலில் ஊற்றும் பாட்டில்களை மட்டும் சேர்த்ததே இல்லை. கடையில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விற்பதால் ரெண்டும் ஒரே சமாச்சாரம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெட்ரோல் கிளீனர் வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பாலிஈதர்அமைன், அதாவது பிஇஏ இருக்கிறதா என்று. இது எஞ்சின் சூட்டைத் தாங்கக்கூடியது, அதனால் இன்டேக் வால்வோடு நிற்காமல் பிஸ்டன் தலையில் படிந்த கார்பனையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. என் வண்டியில் முன்பு சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் ஏறி இறங்கும், பிளக்கைக் கழற்றினால் முனை கருப்பாக இருக்கும். ரெண்டு டேங்க் ஓடிய பிறகு ஐடிலிங் சீராக நின்றது, பிளக்கும் வெளிர் பழுப்புக்கு வந்தது. மைலேஜ்? ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க் கணக்கில் முன்பும் 45-க்கும் 48-க்கும் நடுவில், பின்பும் அதே. பிக்கப்பிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடுகிற கார்புரேட்டரின் சின்னத் துளை, அதாவது பைலட் ஜெட், முழுசாக அடைத்துக்கொண்டால் எந்தப் பாட்டிலும் உதவாது, கார்புரேட்டரைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

அளவு ரொம்ப முக்கியம். பெரும்பாலான பாட்டில்கள் கார் டேங்குக்குக் கணக்குப் பண்ணியவை. 60 லிட்டருக்கு ஒரு பாட்டில் என்று போட்டிருந்தால் நம்ம 12 லிட்டர் டேங்குக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குதான், நான் ஊசி போடாத சிரிஞ்சில் அளந்து ஊற்றுகிறேன். ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்கில்தான் போடுவேன், ஏனென்றால் கிளீனரில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும், அந்த ஆயிலை எப்படியும் வடிக்கத்தானே போகிறோம்.

ஆக்டேன் பூஸ்டர் இந்த மாதிரி வண்டிக்குத் தேவையே இல்லை, பெட்ரோல் தாறுமாறாக எரிந்து எஞ்சினில் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் (நாக்கிங்) வராதவரை கூடுதல் ஆக்டேனால் பவர் வராது. அப்புறம் எத்தனால். 2025-ல் 20 சதவீதக் கலப்பு நாடு முழுக்க வந்துவிட்டது, அதற்கென்றே தனிப் பாட்டில்களும் வந்துவிட்டன. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, அந்தக் குறையைச் சில மில்லி மருந்தால் ஈடுகட்டவே முடியாது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், தண்ணீர் அதிகமானால் ரெண்டும் சேர்ந்து பெட்ரோலில் இருந்து பிரிந்து டேங்க் அடியில் உட்கார்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே நிற்கிற வண்டி என்றால் கார்புரேட்டர் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தெரியும். பழைய பெட்ரோல் ஹோஸ் விறைத்துப் போயிருந்தால் அதை மாற்றுங்கள். அந்தப் பாட்டிலைவிட ஹோஸ் விலை குறைவு.

இப்போது ஆயில். காரில் கிளட்ச் தனியாக, உலர்ந்து இருக்கும். கியர் பைக்கில் எஞ்சின், கியர் பாக்ஸ், கிளட்ச் மூன்றுமே பொதுவாக ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடிக்க உராய்வு வேண்டும், ஆயிலில் ஊற்றும் மாலிப்டினம், டெஃப்லான் வகையறாக்களின் வேலையோ உராய்வைக் குறைப்பது. 1990களில் கார் ஆயில்களில் உராய்வு குறைப்பான்கள் கூடியபோது பைக் கிளட்ச் வழுக்க ஆரம்பித்ததால்தான் ஜப்பான்காரர்கள் ஜாசோ என்று தனித் தரம் கொண்டுவந்தார்கள். ஆயில் டப்பாவில் எம்ஏ, எம்ஏ2 என்று போட்டிருந்தால் ஈரக் கிளட்சுக்கு, அதாவது ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்சுக்கு ஏற்றது. எம்பி உராய்வு குறைந்தது, கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. அந்த எம்ஏ2 ஆயிலைக் காசு கொடுத்து வாங்கி, அதன் மேல் உராய்வு குறைப்பானை ஊற்றினால் அந்தத் தரத்துக்கு என்ன அர்த்தம்?

என் தம்பி வண்டியில் சர்வீஸ் செய்த மெக்கானிக் கேட்காமலேயே ஒரு பாட்டில் சேர்த்துவிட்டார். முதல் சில நாள் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது, அவனும் சந்தோஷப்பட்டான். அப்புறம் பாலம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால் எஞ்சின் மட்டும் கத்தியது, வண்டி இழுக்கவில்லை. ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி, அதையும் வடித்துப் பார்த்தும் சரியாகவில்லை. கடைசியில் கிளட்ச் பிளேட் செட்டே மாற்ற வேண்டியதாயிற்று.

தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மமும் அழுக்கைப் பிடித்து வைக்கும் டிடர்ஜென்டும் நல்ல ஆயிலில் ஏற்கெனவே அளவோடு கலந்தே வருகின்றன. அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்ற ஆயில் அடிட்டிவின் விளம்பரங்களில் சொன்ன தேய்மானப் பாதுகாப்புக்கு ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்து, 1997-ல் சமரசத்தில் முடிந்தது. அந்தப் பாட்டிலுக்குக் கொடுக்கிற காசைச் சேர்த்து வைத்து, மேனுவலில் சொன்ன கிரேடில் எம்ஏ2 ஆயிலைச் சொன்ன கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னதாகவே மாற்றிவிடுங்கள். சர்வீஸுக்கு விடும்போது ஆயிலில் வேறு எதையும் ஊற்ற வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.