மூடும்போது நம்பலாமா: க்யூஎமு, லிப்விர்ட் பற்றி ஒரு சர்வர் பராமரிப்பாளர்

ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் மெய்நிகர் கணினி மென்பொருள் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். எனக்கு முக்கியம், அணைக்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பது. எங்கள் அலுவலகத்தில் ஒரே சர்வரில் கணக்கு மென்பொருளுக்கு ஒரு விண்டோஸ், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு ஒரு டெபியன், இரண்டும் லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில் ஓடுகின்றன. அவற்றை ஓட்டும் நிரல் க்யூஎமு; அதை நிர்வகிப்பது லிப்விர்ட், அதன் கட்டளைவரிக் கருவி விர்ஷ். உள்ளே ஓடும் கணினி விருந்தினர், அதைத் தாங்கும் சர்வர் ஹோஸ்ட். யூபிஎஸ் பழசு. கரண்ட் போனால் பேட்டரி தீர்வதற்குள் இரண்டையும் ஒழுங்காக மூடியாக வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கை மூடும் வேலையில் க்யூஎமு ரொம்பவே கண்டிப்பானது. கடை சாத்தும் நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கி, புது ஆளை விடாமல், உள்ளே நிற்பவர்களுக்கு மட்டும் சாமான் கட்டிக்கொடுத்து அனுப்புவார்களே, அதே முறைதான். புதிய கோரிக்கைகளை நிறுத்தி, கையில் இருப்பவற்றை முடிக்கும். அடுத்து ஃபிளஷ், அதாவது கேஷில் தேங்கியிருப்பதை டிஸ்க்கில் நிலையாக எழுதவைப்பது. அந்த ஃபிளஷ்ஷே ஏதாவது வேலையை மிச்சம் வைத்திருந்தால் என்ன செய்வது என்று, இன்னொரு முறை காத்திருந்துவிட்டுத்தான் கோப்பை விடுகிறது. மூல நிரலில் மூடும் பகுதியைப் படித்தால் இந்த வரிசை அப்படியே தெரியும். அந்த இரண்டாவது காத்திருப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு இதன்மேல் மரியாதை வந்தது.

ஆனால் இந்தக் கண்டிப்பு எதுவரைக்கும் என்பதில் பலருக்குக் குழப்பம். விருந்தினர் இயங்குதளம் டிஸ்க்கிடம் ஒப்படைத்த எழுத்துகளுக்குத்தான் க்யூஎமு பொறுப்பு. விண்டோஸோ டெபியனோ தன் நினைவகத்திலேயே வைத்திருக்கும் தரவு அதன் கணக்கில் வராது. அதனால் விர்ஷ் ஷட்டவுனும் விர்ஷ் டெஸ்ட்ராயும் வேறு வேறு வேலைகள். முதலாவது, விருந்தினரிடம் ‘நீயே மூடிக்கொள்’ என்று கேட்கிறது. இரண்டாவது, க்யூஎமு நிரலுக்கே ‘முடித்துக்கொள்’ என்னும் சிக்டெர்ம் சமிக்ஞையை அனுப்புகிறது. சிறிது நேரம் பார்த்துவிட்டு, அது இன்னும் போகவில்லை என்றால், அந்த இடத்திலேயே கொன்றுவிடும் சிக்கில். டிஸ்க் மெதுவாக இருந்து ஃபிளஷ் இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த சிக்கில் வந்தால், மேலே நான் பாராட்டிய வரிசை முழுக்கப் பாழ். லிப்விர்ட் ஆவணமே இதை எச்சரிக்கிறது. டெஸ்ட்ராயுடன் கிரேஸ்ஃபுல் என்ற தேர்வைச் சேர்த்தால் சிக்கில் வராது. முடியவில்லை என்று பிழை காட்டிவிட்டு நிற்கும். என்னைக் கேட்டால் அதுதான் இயல்பான நடத்தையாக இருந்திருக்க வேண்டும்.

ஹோஸ்ட் அணையும்போது விருந்தினர்களைக் கவனிப்பது லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் சேவை. அதில் காத்திருப்பு நேரம் 300 விநாடி என்று வருகிறது. இணையாக மூடும் அமைப்பு 0 என்றிருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக மூடும். அப்போது அந்த 300 ஒவ்வொரு விருந்தினருக்கும் தனித்தனி. இணையாக மூடச் சொன்னால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே 300. யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்க்காமல் இந்த எண்ணைத் தொடக் கூடாது. அணையும் நேரம் பார்த்து அப்டேட் போட உட்காரும் விண்டோஸை என்ன சொல்வது, அது தனிப் புலம்பல்.

கேஷ் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ‘நன்’ என்று போட்டால் கேஷே இல்லை என்று நினைக்கிறார்கள். ஹோஸ்ட் தன் நினைவகத்தில் கோப்புத் தரவை வைத்துக்கொள்ளும் பேஜ் கேஷை மட்டும்தான் அது தாண்டிப் போகிறது. எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கேஷ் அப்படியே இருக்கும்; ஃபிளஷ் வந்தால்தான் அதிலிருப்பது நிலைக்கும். ‘அன்சேஃப்’ அந்த ஃபிளஷ்ஷையே கண்டுகொள்ளாது. புதிதாக ஓஎஸ் நிறுவும்போது வேகத்துக்காக வைத்துக்கொள்ளலாம், நிறுவி முடித்ததும் மாற்றிவிட வேண்டும். நான் இரண்டு விருந்தினருக்கும் ‘நன்’ தான் வைத்திருக்கிறேன்.

இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. விருந்தினருக்கு டிஸ்க்காக இருக்கும் க்யூகவ்2 கோப்பு, விருந்தினர் எழுத எழுத வளரும். ஒருமுறை பேக்கப் கோப்புகள் குவிந்து ஹோஸ்டில் இடமே இல்லாமல் போனது. டெபியன் திடீரென்று உறைந்துவிட்டது. விர்ஷில் பார்த்தால் ‘பாஸ்டு’ என்று நின்றது. டொம்பிளாக்எரர் கட்டளை இடமில்லை என்று காட்டியது. எழுத முடியாத கோரிக்கையைப் பிழை என்று விருந்தினரிடம் திருப்பிவிடாமல், க்யூஎமு கையில் பிடித்துக்கொண்டு கணினியை நிறுத்தி வைத்திருந்தது. இந்த நேரத்தில் பதறிப்போய் ஃபோர்ஸ் ஆஃப் (டெஸ்ட்ராய்தான் அது) அழுத்தினால் அந்தக் கோரிக்கைகள் போய்விடும். இடத்தைக் காலி செய்துவிட்டு ரெஸ்யூம் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்தது. போஸ்ட்கிரெஸ் லாகில் ஒரு பிழை வரிகூட இல்லை!

குறை சொல்லாமல் விட முடியாத ஒன்று: மூடும்போது திரையில் எதுவும் தெரிவதில்லை. எத்தனை கோரிக்கை பாக்கி, எந்த டிஸ்க்கில் நிற்கிறது என்று, லிப்விர்ட்டுக்கான சாளரக் கருவியான விர்ட்-மேனேஜர் ஒரு வரி காட்டினால், பொறுமை இழந்து ஃபோர்ஸ் ஆஃப் பக்கம் போகும் கை பாதி நின்றுவிடும். இப்போதைக்கு, ஷட்டவுன் கொடுத்துவிட்டு இன்னொரு டெர்மினலில், டிஸ்க்கில் படித்த, எழுதிய அளவைக் காட்டும் டொம்பிளாக்ஸ்டாட்டை அடித்து எண்கள் நகர்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறேன். நகர்ந்தால் வேலை நடக்கிறது, சும்மா இருக்கலாம்.

க்யூஎமு 2.10இலிருந்து, அதாவது 2017 முதல், டிஸ்க் கோப்புக்குப் பூட்டு உண்டு. முதல் நிரல் இன்னும் மூடி முடிக்காதபோது இன்னொன்று அதே கோப்பை எழுதத் திறந்தால் அனுமதி கிடைக்காது. எரிச்சலாக இருந்தாலும் அந்தப் பூட்டைச் சுற்றி வழி தேடாதீர்கள். கோப்பை நகலெடுக்கும் சாதாரண சிபி கட்டளைக்கு இந்தப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கணினி முழுதாக நின்ற பிறகு பிரதி எடுங்கள். வலுக்கட்டாயமாக அணைந்துபோன க்யூகவ்2 கோப்பு என்றால், ஓடவிடுமுன், கோப்பைச் சரிபார்க்கும் க்யூஎமு-இமேஜ் செக் ஒருமுறை. லீக் மட்டும் காட்டினால் இடம்தான் வீண், தரவுக்குச் சேதமில்லை. கரப்ஷன் என்று வந்தால் பழுது பார்க்கும் தேர்வைக் கொடுப்பதற்கு முன்பே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.