பில்சன் ஊரும் கப்பான் சாமியாரும்: ஒருநாள் பயணம், ஐந்துக்கு நாலரை

விச்சிட்டாவுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. கன்சாஸில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் கோதுமை வயல், விமானத் தொழிற்சாலை என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அப்பா வந்தார். பட்டாளத்தில் இருபது வருடம் இருந்தவர், எந்த ஊருக்குப் போனாலும் போர் நினைவிடம் உண்டா என்றுதான் முதலில் கேட்பார். அவருக்காகத்தான், கொரியப் போரில் அமெரிக்க ராணுவக் குருவாக இருந்த எமில் கப்பான் சாமியாரின் கல்லறைக்கும், அவர் பிறந்த பில்சனுக்கும் போய்வந்தோம். ஆங்கில எழுத்தைப் பார்த்து நான் கபாவுன் என்று படித்துக்கொண்டிருந்தேன். இங்கே எல்லோரும் கப்பான் என்கிறார்கள், வழி கேட்கும்போது உதவும்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் ஒரு வேன்காரரைப் பிடித்தோம், பெயர் வேண்டாம். முழுநாள் வாடகை வாங்கிக்கொண்டு, பேராலயத்தில் இருபது நிமிடம் ஆவதற்குள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். அரை நட்சத்திரம் குறைந்தது அவரால்தான், மற்றபடி குறை ஒன்றும் இல்லை. சொந்த வண்டியில் போங்கள்.

கல்லறை விச்சிட்டாவிலேயே, அமலோற்பவ அன்னை பேராலயத்துக்குள் இருக்கிறது. 1951இல் வட கொரியாவில் போர்க்கைதிகள் முகாமில் இறந்தவர் இங்கே வந்து சேர்ந்தது 2021இல். போர் முடிந்தபின் திரும்பக் கிடைத்த உடல்களோடு அவருடையதும் வந்து, ஹவாயில் ஹொனலுலு ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் அடையாளம் தெரியாதவர்களில் ஒருவராகக் கிடந்திருக்கிறது. 2021 மார்ச்சில்தான் இது அவர்தான் என்று உறுதி செய்தார்கள். அந்த செப்டம்பரில் விச்சிட்டாவில் அடக்கச் சடங்கு நடந்தது. பெயர் தெரியாமலேயே அத்தனை வருடமா என்று அப்பா இரண்டு தடவை கேட்டார்.

பேராலயத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பில்சன் அங்கிருந்து வடகிழக்கே சுமார் 60 மைல். ஊர் என்று சொல்வதே அதிகம், கோயிலைச் சுற்றிச் சில வீடுகள், அவ்வளவுதான். சுற்றிலும் வயல், நடுவில் செங்கல் கட்டடமாகப் புனித ஜான் நெப்போமுசின் ஆலயம், கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும். செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய விவசாயிகள் கட்டியது. கப்பானும் அப்படி ஒரு குடும்பத்துப் பிள்ளை, 1916 ஏப்ரல் 20இல் பக்கத்துப் பண்ணையில் பிறந்து, 1940இல் குருப்பட்டம் வாங்கி, முதல் பூசையை இதே கோயிலில் வைத்து, இங்கேயே உதவிப் பங்குக் குருவாகவும் இருந்திருக்கிறார். 1944இல் ராணுவத்தில் குருவாகச் சேர்ந்தவரை முதலில் கடல் கடந்து அனுப்பிய இடம் இந்திய, பர்மா போர்முனை! இதைக் கேட்டதும்தான் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பழைய சாமியார் வீட்டைத்தான் மியூசியமாக வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது. எங்களுக்குச் சுற்றிக்காட்டிய அம்மா அதே பங்கைச் சேர்ந்தவர், மனப்பாடமாக ஒப்பிக்காமல் தன் வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஜீப்பின் முன்மூடியைப் பீடமாக்கி அவர் பூசை வைக்கும் படத்தை, 1950 அக்டோபரில் கொரியாவில் எடுத்தது, எங்காவது பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது குண்டு பட்டு உடைந்த புகைபிடிக்கும் பைப்பைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கும் படம். சாமியார் படமென்றாலே கண்ணை மேலே வைத்திருப்பார்கள் இல்லையா, இதில் பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி இருக்கிறார்.

1950 நவம்பர் தொடக்கத்தில் வட கொரியாவின் ஊன்சானில் சீனப் படை வளைத்தபோது, தப்பிக்க வழி இருந்தும் காயம்பட்டவர்களோடு தங்கிவிட்டார். கணுக்கால் உடைந்து பள்ளத்தில் கிடந்த ஹெர்பர்ட் மில்லர் என்ற சார்ஜென்ட்டின் தலைக்கு நேராக ஒரு சீனச் சிப்பாய் துப்பாக்கி பிடித்திருக்க, இவர் நடந்து போய் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஆளைத் தூக்கிச் சுமந்திருக்கிறார். சிப்பாய் ஏன் சுடவில்லை என்று யாருக்கும் விளங்கவில்லை. கோயில் வாசலில் நிற்கும் வெண்கலச் சிலையும், அவர் காயம்பட்ட ஒரு சிப்பாயைத் தாங்கிப் பிடித்து வருவதுதான். 2013இல் ஒபாமா வெள்ளை மாளிகையில் அமெரிக்காவின் உச்ச வீரப் பதக்கத்தைக் கப்பானின் தம்பி மகனிடம் தந்தபோது மில்லரும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது பதக்கம் இல்லை. பிடிபட்டபின் அவரை அடைத்துவைத்த பியோக்டாங் முகாமில் குளிரும் பட்டினியும் பேனும் வயிற்றுப்போக்குமாக ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது அவர் செய்தவை: கூரைத் தகரத்தைத் தட்டிப் பாத்திரமாக்கித் தண்ணீர் கொதிக்கவைத்தார், எழுந்திருக்க முடியாதவர்களின் அழுக்குத் துணியைத் துவைத்தார், இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்ளன் டிஸ்மாஸை வேண்டிக்கொண்டு காவலர்களின் தானியத்தைத் திருடினார். சாமியார் திருடினார் என்று அந்த அம்மா சொன்னபோது அவர் முகத்தில் பெருமையைப் பார்க்க வேண்டுமே! 1951இல் ஈஸ்டர் அன்று தடையை மீறிச் செபம் நடத்தினார். அப்புறம் காலில் ரத்த உறைவு, காய்ச்சல். சாகிறவர்களைக் கொண்டுபோய்ப் போடும் இடத்துக்கு அவரைத் தூக்கிப்போனார்கள், மே 23இல் இறந்தார். வயது 35.

அவர் இறந்தபின் அந்த முகாமுக்கு வந்தவர் ஜெரால்ட் ஃபிங்க், யூதர், அமெரிக்க மரைன் படை விமானி. கப்பானைப் பார்த்ததே இல்லை, மற்ற கைதிகள் சொல்லக் கேட்டுத்தான் மாதக்கணக்கில் மரத்தைச் செதுக்கிப் பாடுபட்ட சுரூபம் ஒன்று, அதாவது சிலுவையில் தொங்கும் இயேசு உருவம், செய்தார். 1953இல் விடுதலையானவர்கள் அதைத் தூக்கிக்கொண்டே வெளியே வந்தார்கள். இதற்கு மேல் ஒருவரைக் கௌரவிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. புனிதர் பட்டம் தருவதில் ரோம் தன் வேகத்தில் படிப்படியாக வருகிறது, 1993இல் இறை ஊழியர், 2025 பிப்ரவரியில் வணக்கத்துக்குரியவர்.

“எங்க யூனிட்லயும் பண்டிட்ஜி, பாதிரியார் எல்லாம் உண்டு, ஆனா இவர் துணியும் துவைச்சிருக்காரே” என்றார் அப்பா. திரும்பும் வழியெல்லாம் தகரத்தில் பாத்திரம் எப்படி வளைத்திருப்பார் என்பதையே பேசிக்கொண்டிருந்தார்.

போகிறவர்களுக்கு: சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், ஊருக்குள் ஓட்டல் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. புளிசாதம் கைகொடுத்தது. சிறு பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கதை கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் நல்லது, படிக்காமல் போனால் நாலு படம், ஒரு சிலை என்றுதான் தோன்றும். கோடைத் தொடக்கத்தில் வருடாவருடம் பக்தர்கள் விச்சிட்டாவிலிருந்து அந்த 60 மைலையும் நடந்தே போகிறார்கள், சில நாள் ஆகும். அடுத்த தடவைக்கு என் மனைவி பெயர் கொடுப்பதாக இருக்கிறாள். நான் கார் ஓட்டிக்கொண்டு தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.