சீல் இல்லாத 'கிளியர்' போத்தலை வாங்கி நான் பட்ட பாடு

திருகோணமலையில் பிளாஸ்டிக் மாதிரி விமானம் கட்டுகிறவர்கள் என்னைத் தவிர நாலைந்து பேராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நகரில் ஒரு கடையில் வெள்ளை மூடி போட்ட சிறிய போத்தலில், 'தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளியர்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். கிளியர் என்றால் பெயின்ட் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு. சீல் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. அதைத் தொடாதீர்கள்.

நான் கட்டியது 1/48 அளவு ஹரிக்கேன் போர்விமானம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, சீனக்குடாவிலிருந்து எழும்பிப் போனவை பிரிட்டிஷ் விமானப்படையின் 261ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன்கள். அந்த ஓடுதளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் வேறு எதைக் கட்டுவான்? இறக்கை முனைக்கு முனை 25 சென்டிமீட்டர்தான் வரும். இரண்டு மாத இரவுகளை அது விழுங்கியது.

ஹரிக்கேனின் பின்னுடல் உலோகத் தகடு அல்ல, சட்டங்களின் மேல் இழுத்துப் போர்த்திய துணி. அந்த வரிவரியான மேடுபள்ளத்தில் கடும்பழுப்பு வாஷ் (தண்ணியாகக் கரைத்த பெயின்ட்) இறங்கும் அழகுக்காகவே நான் அதைத் தேர்ந்தேன். வாஷ் தானாக ஓடிப் பள்ளங்களில் தங்க வேண்டுமென்றால் அடியில் வழவழப்பான கிளியர் பூச்சு வேண்டும். பளபளப்பில்லாத பெயின்ட் மேல் நேரே விட்டால் ஊறிப் பரவி, மெக்கானிக்கின் சட்டை போல ஆகிவிடும். பெயின்ட், கிளியர், டெக்கல் (சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்), மறுபடி கிளியர், எனாமல் வாஷ், கடைசியில் பளபளப்பை அடக்கும் மட் பூச்சு என்பது என் வழக்கமான வரிசை. அக்ரிலிக் கிளியரை எனாமல் வாஷில் உள்ள டர்பன்டைன் அசைக்காது. அதனால்தான் அக்ரிலிக் கேட்டேன்.

"தம்பி, கொழும்பில் எல்லோரும் இதைத்தான் அடிக்கிறார்கள்" என்றார் கடைக்காரர். நம்பினேன். மூடியைத் திறந்ததும் கார் பெயின்ட் அடிக்கும் கராஜ் வாசனை வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். சாமம் தாண்டிய அவசரத்தில், பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷில் ஊற்றிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் டெக்கல்கள் சுருண்டன. பச்சையும் பழுப்புமான பெயின்ட் வற்றிய குளத்துச் சேறு போல வெடித்தது. வால் பக்கத்தைத் தொட்டேன், விரல்ரேகை பிளாஸ்டிக்கிலேயே பதிந்தது.

மறுநாள் போத்தலோடு போனேன். "மாரி ஈரம் தம்பி, அதுதான் பழுதாக்கியிருக்கும்" என்றார். கச்சான் காற்று அனல் கக்கும் ஜூலை மாதத்தில் மாரி ஈரமாம்! ஈரக் காற்றில் லாக்கர் (தின்னரில் கரைத்த பூச்சு) அடித்தால் பழுதாகும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது பூச்சில் பனிப்புகார் போல வெள்ளை படியும், பிளாஸ்டிக் உருகாது. இதைச் சொன்னபோது அவர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார். பணமும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு கோப்பைத் தண்ணீரில் நாலு துளி விட்டேன். தண்ணீரில் கரைவதென்றால் பால் போலக் கலந்திருக்க வேண்டும். இது பிசின் நூலாகத் திரண்டு மிதந்தது. கிட்டில் மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டகத் துண்டில் தடவினேன், நகம் இறங்கும் அளவுக்கு இளகியது. தின்னர் கலந்த கார் லாக்கர் என்பதுதான் என் கணிப்பு. மாதிரிகளுக்கென்றே தயாராகும் லாக்கர்கள் உண்டு, அவற்றின் கரைப்பான் இவ்வளவு முரடு அல்ல. மெல்லிய படலமாக அடித்தால் பிளாஸ்டிக் தாங்கும்.

இந்த இரண்டு சோதனைகளுக்கும் கால் மணி நேரம்கூடப் போகவில்லை. விமானத்தில் அடிப்பதற்கு முன் செய்யாதது என் மடத்தனம், அதைக் கடைக்காரர் தலையில் போட மாட்டேன். ஸ்டிக்கரில் பொய் எழுதியது அவர் பாடு.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் போத்தலை வீச வேண்டாம். மிச்சத்தை நான் அம்மாவின் பழைய மர ஸ்டூலுக்கு அடித்தேன். கண்ணாடி போல இருக்கிறது.