பிரிஸ்டல் கண்ட்ரி இசை அருங்காட்சியகம்: எதைப் பார்ப்பது, எதில் நேரம் செலவிடுவது

அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களிலிருந்து வளர்ந்த கண்ட்ரி இசை என்றாலே எல்லோரும் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லுக்குத்தான் கிளம்புகிறார்கள். அந்த இசை எப்படி ஒரு தொழிலாக மாறியது என்று புரிய வேண்டுமானால், வர்ஜீனியாவின் பிரிஸ்டலில் 2014 ஆகஸ்டில் திறந்த ‘பர்த்பிளேஸ் ஆஃப் கண்ட்ரி மியூசிக்’ அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். நட்சத்திரங்களின் ஜிகினா உடைகளுக்காகப் போகிற இடம் அல்ல இது. 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை இந்த ஊரில் நடந்த ஒலிப்பதிவுதான் இதன் உயிர்.

விக்டர் என்ற ரெக்கார்டு கம்பெனிக்காக வந்த தயாரிப்பாளர் ரால்ஃப் பீர், ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் 19 குழுக்களின் 76 பாடல்களைப் பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பம் என்ற இசைக்குழுவும் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானது அங்கேதான். ஆனால் முதல் கண்ட்ரி ரெக்கார்டு இதுவல்ல. எக் ராபர்ட்சன் 1922லேயே நியூயார்க்கில் ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) வாசித்துப் பதிவு செய்துவிட்டார். இன்னொரு ஃபிடில் கலைஞர் ஃபிட்லின் ஜான் கார்சனை 1923இல் அட்லாண்டாவில் பதிவு செய்ததும் இதே பீர்தான்.

பிறகு பிரிஸ்டலுக்கு ஏன் இவ்வளவு பெயர்? பெரிய காரணம், மைக். அதற்கு முன்பு குழாய்க்குள் உரக்கப் பாட வேண்டும், கிட்டார் அமுங்கிப்போகும். 1925இல் மின் ஒலிப்பதிவு வந்ததும் மெல்லிய குரலும் தெளிவாக விழுந்தது. அதனால் ஒலிப்பதிவுத் தொழில்நுட்பப் பகுதியில் அவசரப்படாதீர்கள். பாட்டு பதிவாகும் மெழுகுத் தட்டைச் சுழற்றியது மோட்டார் அல்ல, மெல்லக் கீழிறங்கும் எடைக்கல். வேகம் கொஞ்சம் தடுமாறினாலும் சுருதி ஆடிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஒரு தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் அடங்கும். நீண்ட கதைப்பாடல்களின் சரணங்கள் வெட்டுப்பட்டது அதனால்தான்.

இதைப் பார்த்த கையோடு ஹெட்ஃபோனில் கார்ட்டர் குடும்பத்தின் ‘சிங்கிள் கேர்ள், மேரிட் கேர்ள்’ பாடலைக் கேளுங்கள். அந்தக் குழுவின் சாராவின் குரலை ஒரு சுற்று கேட்டுவிட்டு, அடுத்த சுற்றில் அதே குழுவின் மேபெல்லின் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். கட்டைவிரல் அடித் தந்திகளில் மெட்டை வாசிக்க, மற்ற விரல் மேல் தந்திகளை வருடி தாளம் பிடிக்கும். அப்போது அவருக்கு வயது 18! கறுப்பினக் கலைஞர் எல் வாட்சனின் ஹார்மோனிகாவையும் தேடிப் பிடித்துக் கேளுங்கள். இது வெள்ளையர் இசை மட்டுமே என்ற எண்ணத்தைத் தகர்க்க அந்த ஒரு ரெக்கார்டு போதும்.

ஒரு குழப்பம் வரும்: ஒலிப்பதிவு நடந்த இடம் இந்தக் கட்டடம் அல்ல. அது ஸ்டேட் ஸ்ட்ரீட்டின் டென்னசி பக்கம் இருந்தது; இன்று கட்டடம் இல்லை, நினைவுக்கல்தான். தெருவின் நடுக்கோடுதான் மாநில எல்லை. பித்தளைப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். நடந்தே போகலாம்.

‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற புகழ்பெற்ற வானொலி இசை நிகழ்ச்சியின் கதை முழுதாக வேண்டும் என்பவர்களுக்கு நாஷ்வில்தான் சரி. செப்டம்பரில் இங்கே இசை விழா நடக்கும். அந்த வார இறுதியில் ஊர் நிரம்பி வழியும். நிதானமாக உட்கார்ந்து கேட்க நினைப்பவர்கள் வேறு நாள் பாருங்கள்.